விடையை எடைபோடும் கல்வி

பின்லாந்து தேசத்தில், 2018ஆம் ஆண்டு மே மாதம், ஹெல்சிங்கி சர்வகலாசாலையும் ரியாக்டர் என்னும் தொழில்நுட்ப நிறுவனமும் கூடிச் செயற்கை நுண்ணறிவின் அடிப்படைகளைக் கற்பிக்கும் பாடம் ஒன்றை இணையத்தின் வழியே இலவசமாகத் தொடங்கியபொழுது, நாட்டு ஜனத்தொகையில் நூற்றில் ஒருவரேனும் அதனைப் படிக்க வேண்டும் என்பதை இலக்காக வைத்துக்கொண்டன. ஏறத்தாழ 55 லட்சம் பேர் வாழும் அந்தச் சிறு தேசத்தில் இது சுமார் 55,000 பேரைக் குறிக்கும். புதிய யந்திரங்களை ஆக்கும் நிபுணர்களைப் பெருக்குவது அந்த முயற்சியின் நோக்கம் அன்று. செவிலியரும், பேருந்து ஓட்டுநரும், கடைக்காரரும், ஓய்வுபெற்ற முதியவரும், தம்மைக் கேளாமலே தம் அன்றாட வாழ்வில் புகுந்துவிட்ட ஒரு சக்தி எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்து, அதைப்பற்றித் தம் அபிப்பிராயத்தைச் சொல்லும் தகுதியைப் பெற வேண்டும் என்பதே நோக்கம். 2019 டிசம்பரில், ஐரோப்பிய ஒன்றியத்தின் சுழற்சி முறைத் தலைமையை நிறைவு செய்த சமயத்தில், அந்நாட்டு அரசாங்கம் சம்பிரதாயமான பரிசுப் பொருள்களுக்குப் பதிலாக இந்தப் பாடத்தையே ஒன்றியத்தின் மொழிகள் அனைத்திலும் ஆக்கி அளிப்பதாக அறிவித்தது. 170க்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் அதில் சேர்ந்திருக்கின்றனர்.

அந்தப் பாடத்தில் கற்பிக்கப்படுவது என்ன என்று பார்த்தால் பலருக்கு வியப்பு உண்டாகும். நரி, கோழி, தீவனம் ஆகிய மூன்றையும் படகில் ஒவ்வொன்றாக ஆற்றைக் கடத்தும் கணக்கு ஒன்று அதன் தொடக்கத்தில் வருகிறது. புலி, ஆடு, புல்லுக்கட்டு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் குழந்தைகளுக்குப் போட்ட கணக்கும் அதுவே. சாத்தியமான நிலைகள் யாவற்றையும் வரிசையாக எழுதி, ஒரு நிலையிலிருந்து எந்த நிலைக்குச் செல்லலாம், எந்த நிலைக்குச் செல்லலாகாது என்று கோடிட்டுப் பார்த்தால், மாயமோ மந்திரமோ இல்லாமல் வழி தானே புலப்படுகிறது. யந்திரமும் இவ்வாறே வழி தேடுகிறது என்பது அதன் உபதேசம்.

அதற்கடுத்து வரும் நிகழ்தகவுப் பாடத்தில் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை உதாரணமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. நூறு பெண்களில் ஐவருக்கு நோய் உண்டு என்றும், நோயுள்ளவர்களில் நூற்றுக்கு 80 பேரைச் சோதனை சரியாகக் காட்டும் என்றும், நோயற்றவர்களிலும் நூற்றுக்குப் பத்துப் பேரைத் தவறாக நோயாளிகள் என்று காட்டும் என்றும் வைத்துக்கொண்டால், 'நோய் உண்டு' என்ற முடிவைப் பெற்ற பெண்ணுக்கு உண்மையில் நோய் இருப்பதற்கு எவ்வளவு இடமுண்டு? நோயுள்ள ஐவரில் நால்வர் அகப்படுவர்; நோயில்லாத 95 பேரில் ஒன்பது அல்லது பத்துப் பேரும் அந்த வலையில் விழுவர்; ஆகவே அஞ்சி நிற்கும் பதின்மூன்று, பதினான்கு பேரில் நால்வருக்கே நோய் உண்டு. விடை என்பது ஒன்று, அந்த விடைக்குரிய நிச்சயம் என்பது மற்றொன்று என்ற இந்த விவேகமே செயற்கை நுண்ணறிவு பற்றிய எழுத்தறிவின் ஆதாரம் என்று நான் கருதுகிறேன். செயலியைத் திறந்து கேள்வியைத் தட்டச்சு செய்யும் பழக்கத்தைச் சிறுவர்கள் பிறர் உதவியின்றியே பெற்றுவிடுகின்றனர். வந்த விடையை எடைபோடும் சக்தியோ கற்பித்தாலன்றி வருவதில்லை.

இன்று மாணாக்கரும் உபாத்தியாயரும் பெரிதும் கையாளும் சாட்ஜிபிடி போன்ற சாதனங்கள், 2022 நவம்பர் 30 முதல் பொதுமக்களுக்கு அறிமுகமானவை. பெருமொழி மாதிரி என்ற வகையைச் சேர்ந்த இவை, மனிதர் எழுதிய கோடிக்கணக்கான பக்கங்களைச் சிறு சிறு துண்டுகளாக்கி, எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு வருவது இயல்பு என்பதைக் கணக்கிட்டுக் கற்றுக்கொண்டவை. நாம் ஒரு கேள்வியை இட்டவுடன், அதற்கு அடுத்து வரத்தக்க துண்டைத் தேர்ந்து, பின்னர் அதற்கும் அடுத்ததைத் தேர்ந்து, இவ்வாறே சரம் தொடுப்பதுபோல் விடையை ஆக்குகின்றன. பிறகு மனிதர்கள் பல விடைகளைப் பார்த்து இது நன்று, இது தீது என்று தரம் பிரித்துச் சொன்னதைக் கொண்டு மேலும் பண்படுத்தப்பட்டமையால், அவற்றின் நடை பணிவும் தெளிவும் உடையதாக அமைந்திருக்கிறது. சிலவற்றில் இணையத்தில் தேடிப் பார்த்துச் சொல்லும் வசதியும் சேர்க்கப்பட்டுள்ளது. ஆயினும், இயல்பாகத் தொடர்வது எது என்ற கணக்கும் உண்மை எது என்ற விசாரணையும் ஒன்றல்ல. பல்லாயிரம் பேர் திரும்பத் திரும்ப எழுதிய விஷயத்தில் இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகும். எழுதினோர் அருகிய விஷயத்தில் அவை பிரியும். பிரியும் இடத்திலும் யந்திரத்தின் குரலில் பெரும்பாலும் தயக்கம் தோன்றுவதில்லை. 2023ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து வழக்கறிஞர் இருவர், யந்திரம் கற்பனையாக ஆக்கித் தந்த முன்தீர்ப்புகளை மெய்யென்று நம்பி நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, 5,000 டாலர் அபராதத்துக்கு உள்ளானார்கள். சட்டம் பயின்றவர்கள் அவர்கள். அறியாதிருந்தது, கையிலிருந்த சாதனம் விடையை எவ்விதம் உண்டாக்குகிறது என்ற ஒன்றைத்தான்.

நயமாகப் பேசும் யந்திரத்திடம் மனம் இருப்பதாக எண்ணிவிடுவது மனித சுபாவம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜோசப் வைசன்பாம் என்ற பேராசிரியர் 1966ஆம் ஆண்டில் வெளியிட்ட எலைசா என்னும் நிரல், எதிரிலிருப்பவர் சொன்ன வாக்கியத்தைச் சற்றே திருப்பிக் கேள்வியாக்கிக் கேட்பதற்கு மேல் ஒன்றும் அறியாது. அது ஆக்கப்பட்டதை அருகிருந்து பார்த்த அவருடைய காரியதரிசியே, அதனுடன் உரையாடத் தொடங்கியபின், தம்மைத் தனியே விட்டு அறையை விட்டு வெளியே செல்லுமாறு அவரைக் கேட்டுக்கொண்டாராம். இதனால் கலக்கமுற்ற வைசன்பாம், யந்திரத்திடம் ஒப்படைக்கத் தகாத மனிதக் கடமைகள் எவை என்று ஆராயும் நூல் ஒன்றை 1976ஆம் ஆண்டில் வெளியிட்டார். அந்த எளிய நிரலையே உற்ற துணையாகக் கருதிய உள்ளம், இன்றைய சாதனங்களின் இனிய மொழிக்கு எவ்வளவு எளிதில் வசப்படும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தாய் தந்தையிடம் சொல்லத் தயங்குவதை யந்திரத்திடம் சொல்லும் பருவத்துப் பிள்ளைகளுக்கு, அங்கே கேட்கும் செவி உண்டென்று தோன்றினாலும் பொறுப்பேற்கும் மனம் இல்லை என்பதை அன்போடு எடுத்துரைக்க ஒருவர் வேண்டும்.

யந்திரம் தரும் விடை அதற்கு ஊட்டப்பட்ட தரவைப் பொறுத்தது என்பதும் ஒவ்வொரு மாணாக்கனும் அறிய வேண்டிய அடிப்படை உண்மை. ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு என்னும் இரு பெண் ஆராய்ச்சியாளர்கள் 2018ஆம் ஆண்டில், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக நிரல்கள் மூன்றைச் சோதித்தபோது, வெளிர்நிற ஆடவர் விஷயத்தில் நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டாத பிழை, கருநிறப் பெண்கள் விஷயத்தில் நூற்றுக்கு 34.7 வரை உயர்ந்ததைக் கண்டனர். கற்பிக்கவும் சோதிக்கவும் பயன்பட்ட படத் தொகுப்புகளில் அத்தகைய முகங்கள் அருகியிருந்தமை இதற்கு ஒரு முக்கிய காரணம். மொழிக்கும் இது பொருந்தும். இணையத்தில் உள்ள எழுத்தில் ஆங்கிலத்தின் பங்கு மிகப் பெரிது. தமிழின் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் மிகக் குறைவு. தமிழ்ச் சொற்கள் பல துண்டுகளாகச் சிதைக்கப்படுவதால், ஒரே கருத்தைச் சொல்ல ஆங்கிலத்துக்கு வேண்டியதைவிட அதிகத் துண்டுகள் தமிழுக்கு வேண்டியிருக்கின்றன. நம் ஊர்களின் சரித்திரத்தையும், நம் புலவர்களின் வாழ்க்கையையும், நம் வட்டார வழக்குகளையும் பற்றிக் கேட்கும்போது யந்திரம் தடுமாறுவதற்கு இதுவே ஏது. ஆதலால் தமிழ் மாணாக்கன் ஆங்கில மாணாக்கனைக் காட்டிலும் அதிக எச்சரிக்கையோடு இருத்தல் வேண்டும்.

பிழையான விடையால் விளையும் தீங்கைவிட, சரியான விடையை உழைப்பின்றிப் பெறுவதால் கற்பவனுக்கு விளையும் தீங்கு நுட்பமானது. அமெரிக்காவின் பென்சில்வேனியா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், துருக்கி நாட்டு உயர்நிலைப் பள்ளியொன்றில் ஏறத்தாழ ஆயிரம் மாணாக்கரைக் கொண்டு 2023ஆம் ஆண்டில் நடத்திய பரிசோதனை இதை ஐயமறக் காட்டியது. கணிதப் பயிற்சியின்போது ஒரு பிரிவினருக்குப் பாடநூலும் குறிப்பேடும் மட்டுமே அளிக்கப்பட்டன. மற்றொரு பிரிவினருக்குக் கேட்டதெல்லாம் சொல்லும் சாதாரண உரையாடல் யந்திரம் அளிக்கப்பட்டது. மூன்றாம் பிரிவினருக்கு, விடையை நேரே சொல்லாமல் குறிப்புக் காட்டி வழிநடத்துமாறு ஆசிரியர்களின் உதவியோடு அமைக்கப்பட்ட யந்திரம் அளிக்கப்பட்டது. முதற் பிரிவினரோடு ஒப்பிடும்போது, பயிற்சிக் கணக்குகளில் இரண்டாம் பிரிவினர் நூற்றுக்கு 48ம், மூன்றாம் பிரிவினர் நூற்றுக்கு 127ம் மேம்பட்டு நின்றனர். பின்னர் யந்திரத்தை அகற்றிவிட்டுப் பரீட்சை வைத்தபோது நிலைமை தலைகீழாயிற்று. சாதாரண யந்திரத்தோடு பழகியவர்கள், யந்திரத்தைக் காணாதவர்களைவிட நூற்றுக்கு 17 குறைவாகப் பெற்றனர். குறிப்புக் காட்டும் யந்திரத்தோடு பழகியவர்களுக்கு அந்த நஷ்டம் பெரும்பாலும் நேரவில்லை. தாங்கள் குறைவாகக் கற்றோம் என்பதை இரண்டாம் பிரிவு மாணாக்கர் உணரவே இல்லை என்பது இதனினும் கவலைக்குரியது. யந்திரம் பெற்ற இரு பிரிவினர்க்கும் அடிப்படையில் ஒரே யந்திரந்தான் கிடைத்தது; கற்பித்தல் இன்னதென்று அறிந்த ஆசிரியரின் கை அதன் அமைப்பில் பட்டதா இல்லையா என்பதே வித்தியாசம். ஆகவே இந்த விஷயத்தில் முதன்மையாகக் கற்க வேண்டியவர் ஆசிரியர்.

ஆசிரியர்களோ இன்று பெரும் சங்கடத்தில் இருக்கிறார்கள். வீட்டுப் பாடத்தை மாணாக்கன் எழுதினானா, யந்திரம் எழுதியதா என்ற சந்தேகத்தில், அதைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்களைச் சரணடைவோர் பலர். சாட்ஜிபிடியை ஆக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இத்தகைய கருவி ஒன்றை வெளியிட்டது. யந்திரம் எழுதியவற்றில் நூற்றுக்கு 26ஐ மட்டுமே அது சரியாகக் காட்டியது. துல்லியம் போதாமையால் அதே ஆண்டு ஜூலையில் அது திரும்பப் பெறப்பட்டது. ஸ்டான்போர்டு சர்வகலாசாலையினர் ஏழு கருவிகளைச் சோதித்ததில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணாக்கர் தம் கையால் எழுதிய 91 கட்டுரைகளில் பாதிக்கு மேற்பட்டவை யந்திரத்தின் எழுத்து என்று முத்திரை குத்தப்பட்டன. எளிய சொற்களில், பழகிய அமைப்பில் எழுதியதே அவர்கள் செய்த குற்றமாயிற்று. நிரபராதியான ஒரு பிள்ளையைத் திருடன் என்று அழைப்பதைவிடக் கல்விக்கூடத்தில் நிகழக்கூடிய பெரிய அநீதி வேறொன்று உண்டோ? இக்கருவிகளின் தீர்ப்பை மட்டும் நம்பி எந்த மாணாக்கனையும் தண்டிக்கலாகாது என்பதை அறிவதும் ஆசிரியருக்குரிய எழுத்தறிவில் அடங்கும்.

யுனெஸ்கோ ஸ்தாபனம் 2024 செப்டம்பரில் ஆசிரியர்க்கு ஒன்றும் மாணாக்கர்க்கு ஒன்றுமாக இரண்டு திறன் வரைவுகளை வெளியிட்டது. ஆசிரியர்க்குரியதில் ஐந்து துறைகளில் பதினைந்து திறன்களும், மாணாக்கர்க்குரியதில் நான்கு துறைகளில் பன்னிரண்டு திறன்களும் வகுக்கப்பட்டுள்ளன. இரண்டிலும் முதல் துறையாக வைக்கப்பட்டிருப்பது மனிதனை மையமாகக் கொண்ட நோக்கு. அடுத்து வைக்கப்பட்டிருப்பது நெறிமுறை. கருவியைக் கையாளும் நுட்பம் அவற்றுக்குப் பின்னரே வருகிறது. இந்த வரிசை முறை என் மனத்துக்கு மிகவும் உகந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் அதே ஸ்தாபனம் வெளியிட்ட வழிகாட்டி, வகுப்பறையில் இத்தகைய உரையாடல் சாதனங்களைத் தனியே பயன்படுத்துவதற்குப் பதின்மூன்று வயதையேனும் எல்லையாகக் கொள்ள வேண்டும் என்று யோசனை கூறியது.

ஆசிரியரை முன்னிறுத்திய முயற்சிகளுக்கு உதாரணங்கள் இல்லாமலில்லை. 1996ஆம் ஆண்டில் 'புலிப் பாய்ச்சல்' என்ற பெயரோடு பள்ளிகள்தோறும் கணிப்பொறியையும் இணையத்தையும் கொண்டு சென்ற எஸ்தோனியா, அதன் வாரிசாக 2025 செப்டம்பரில் செயற்கை நுண்ணறிவுத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, பத்தாம், பதினோராம் வகுப்புகளைச் சேர்ந்த சுமார் 20,000 மாணாக்கரையும் அவர்களோடு சுமார் 3,000 ஆசிரியர்களையும் முதற்கட்டத்தில் சேர்த்துக்கொண்டது. ஆசிரியர் பயிற்சி அத்திட்டத்தின் இன்றியமையாத பகுதி. நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில், கைட் என்னும் அரசு நிறுவனம், உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளின் ஆசிரியர்கள் 80,000 பேருக்குப் பயிற்சி அளிக்கும் பணியை 2024 மே மாதத்தில் தொடங்கியது. அதே கல்வியாண்டில் ஏழாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பப் பாடநூலில் செயற்கை நுண்ணறிவு இடம்பெற்றது. முகபாவத்தைக் கண்டு இது மகிழ்ச்சி, இது கோபம் என்று சொல்லும் நிரலைப் பிள்ளைகள் தாமே ஆக்கிப் பார்க்கும் பயிற்சி அதில் உண்டு. மலையாளம், ஆங்கிலம், கன்னடம் ஆகியவற்றோடு தமிழிலும் அந்நூல் வெளிவந்தமையால், பாலக்காட்டிலும் இடுக்கியிலும் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கும் அது கிட்டியது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2019ஆம் ஆண்டிலேயே ஒன்பதாம் வகுப்பில் இதனை விருப்பப் பாடமாக்கியது; தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலும் இத்தகைய பாடங்கள் புகத் தொடங்கியிருக்கின்றன. பல நாட்டு மாணாக்கரின் திறனை ஒப்பிடும் பீசா மதிப்பீடும், 2029ஆம் ஆண்டுச் சுற்றில் ஊடகத்தையும் செயற்கை நுண்ணறிவையும் பற்றிய அறிவைச் சோதிக்க இருக்கிறது.

இவை யாவும் பெருஞ் செலவும் விசேஷ உபகரணங்களும் இருந்தால்தான் சாத்தியம் என்று எண்ணிச் சோர்வதற்கு இடமில்லை. கணிப்பொறியே இல்லாத வகுப்பிலும் இதன் மூலதத்துவத்தைக் கற்பிக்கலாம். மாவிலை, வேப்பிலை, அரசிலை ஆகியவற்றைப் பிள்ளைகள் பறித்து வந்து, ஒவ்வொன்றின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து, கட்டத் தாளில் புள்ளியாகக் குறிக்கட்டும். பிறகு பெயர் சொல்லாமல் ஓர் இலையைக் கொடுத்து, அதன் புள்ளிக்கு மிக அருகில் உள்ள புள்ளி எதுவோ அதன் பெயரையே இதற்கும் சூட்டச் சொல்லலாம். யந்திரங்கள் வகைப்படுத்தும் முறைகளில் ஒன்று இதுவே. பின்லாந்துப் பாடத்திலும் இம்முறை இடம்பெறுகிறது. அடுத்து, முன்பு காட்டப்படாத பூவரச இலையைக் கொடுத்தால், விதி அதனையும் தனக்குத் தெரிந்த மூன்றில் ஒன்றாகவே அறிவிக்கும். 'அறியேன்' என்று சொல்ல அந்த விதிக்குத் தெரியாது என்பதைப் பிள்ளைகள் பிரத்தியட்சமாகக் காண்பார்கள். அந்த அரைமணி நேரத்தில் அவர்கள் பெறும் ஞானம் பல சொற்பொழிவுகளால் வராது.

மேல் வகுப்புகளில், தம் ஊரின் ஏரியையோ, கோயிலையோ, பள்ளியையோ பற்றி யந்திரத்தை ஒரு பக்கம் எழுதச் சொல்லி, அந்தப் பக்கத்தின் ஒவ்வொரு வாக்கியத்தையும் மெய்யென்று நிரூபிக்கத்தக்கது, பொய்யென்று காட்டத்தக்கது, இரண்டும் இயலாதது என்று மாணாக்கர் பிரிக்கட்டும். நூலகத்தில் தேடவும், கல்வெட்டைப் பார்க்கவும், முதியவர்களைக் கேட்கவும் அந்தப் பயிற்சி அவர்களை அனுப்பும். கட்டுரையை மதிப்பிடும்போது முடிந்த பிரதியை மட்டும் பாராமல், முதற்படியையும் திருத்தங்களையும் சேர்த்துப் பார்த்து, எழுதியவனை எதிரில் அமர்த்தி, இந்த முடிவுக்கு எப்படி வந்தாய் என்று ஐந்து நிமிஷம் பேசினால், கண்டுபிடிக்கும் மென்பொருள் எதுவும் வேண்டியிராது. ஆசிரியரும் வினாத்தாள் வகைகளை ஆக்கவும், கடினமான பாடத்தை வேறொரு விதமாக விளக்கிப் பார்க்கவும் யந்திரத்தின் உபகாரத்தைப் பெறலாம். ஆனால் மாணாக்கரின் பெயர், மதிப்பெண், குடும்ப நிலை முதலியவற்றை அதனிடம் ஒப்புவிக்காமலும், வந்ததைச் சரிபாராமல் வகுப்புக்குக் கொண்டு செல்லாமலும் இருக்கும் நியமம் அவரிடம் இருத்தல் அவசியம். மாணாக்கர் பின்பற்றுவது ஆசிரியர் சொல்லும் விதியை அன்று, அவர் நடந்துகொள்ளும் முறையையே.

இத்தனையையும் செய்ய ஆசிரியருக்கு வேண்டிய பெரும் பொருள் நேரம். கணக்கெடுப்பும் பதிவேடும் பரீட்சைப் பணியும் அவருடைய பொழுதை விழுங்கிக்கொண்டிருக்க, இரண்டு நாள் பயிற்சி முகாமோடு இந்தக் கடமை முடிந்ததாக எண்ணுவது தகாது. பள்ளிக்கு யந்திரத்தை வாங்கும் ஒவ்வொரு ரூபாயோடும், ஆசிரியர் அமர்ந்து ஆராயவும், சக ஆசிரியர்களோடு கலந்து பேசவும், ஒரு பாடத்தை நடத்திப் பார்த்துத் திருத்தவும் வேண்டிய மணி நேரத்தையும் அரசாங்கம் ஒதுக்கிக் கொடுக்க வேண்டும். விடைகள் அரிதாக இருந்த காலத்தில் அவற்றைத் தேடிச் சேமித்துக் கொடுப்பது கல்வியின் பெரும் பணியாக இருந்தது. விடைகள் மலிந்துவிட்ட இக்காலத்தில், எந்த விடையை எந்த அளவுக்கு நம்பலாம், எந்த உழைப்பைப் பிறரிடம் விடலாம், எதனைத் தானே செய்தாலன்றித் தன் அறிவு வளராது என்று பகுத்தறியும் ஆற்றலைக் கொடுப்பதே அதன் பணி. அந்த ஆற்றலைப் பெற்ற ஆசிரியர் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கும்படி செய்வோமானால், நாளை வேறு பெயரில் எந்தப் புதிய யந்திரம் வந்தாலும் நம் பிள்ளைகள் அதன் எஜமானர்களாகவே இருப்பார்கள்.